களரியில் ஒரு தீர்ப்பு, மண்டபத்தில் இன்னொரு தீர்ப்பு: மட்டக்களப்பில் கூத்துப் பார்ப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

மட்டக்களப்பில் கூத்தைப் பற்றிக் கருத்தில்லாத ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆடினவர், ஆடாதவர், பத்து வருடமாகக் கூத்துப் பக்கமே போகாதவர், எல்லாரிடமும் ஒன்று இருக்கும். ஒருவர், "ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிச்சாத்தான் இந்தக் காலத்துப் புள்ளையள் இருந்து பாக்கும்" என்பார். பக்கத்தில் நிற்பவர், "விடிய விடிய ஆடாட்டி அதென்ன கூத்து?" என்பார். கவனித்துப் பார்த்தால் இன்னொரு வேடிக்கையும் தெரியும். ஒரே கூத்தை ஊர்க் களரியில், அதாவது திறந்தவெளி ஆடுகளத்தில், பார்த்த ஆள், அதையே பட்டணத்து மண்டபத்தில் பார்த்துவிட்டு வந்து வேறு தீர்ப்புச் சொல்வார். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் அவர்தான், ஆடினவர்களும் அவர்கள்தான், பாட்டும் மாறவில்லை. ஊரில் "அபாரம்" என்றது மண்டபத்தில் "இழுவை" ஆகிவிடுகிறது.

இதற்கு ரசனை கெட்டுப் போய்விட்டது என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்ப்பவர் எங்கே இருக்கிறார், யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார், இடையில் எழும்பிப் போய் வர முடிகிறதா, மத்தளம் எங்கிருந்து கேட்கிறது என்பவைதான் பாதித் தீர்ப்பை எழுதுகின்றன என்று நினைக்கிறேன்.

அடிப்படையை ஒருமுறை சொல்லிவிடலாம், வெளியூர் வாசகருக்காக. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத் தமிழ் ஊர்களில் ஆடப்படுவது பெரும்பாலும் இரண்டு மோடிக் கூத்து (மோடி என்றால் பாணி): வடமோடி, தென்மோடி. இரண்டிலும் கதை பாட்டாலும் ஆட்டத்தாலும் நடக்கும், வசனம் இடையிடையேதான். வடமோடியில் பாரத, இராமாயணப் போர்க்கதைகள் அதிகம். பதினெட்டாம் போர், குருக்கேத்திரன் போர் என்று பெயரிலேயே சண்டை வரும். அரச வேடங்களுக்குக் கூடை மாதிரி விரிந்த கரப்புடுப்பு, தோளில் புயக்கட்டை, தலையில் பாரமான முடி. தென்மோடியில் அலங்காரரூபன், அனுருத்திரன் மாதிரிக் காதலும் கற்பனையும் கலந்த கதைகள் வரும். உடுப்பு இலேசு. ஆட்டம் நுணுக்கம், பாட்டை இழுத்துப் பாடுவார்கள். வசந்தன், மகிடி, பறைமேளக்கூத்து என்று வேறு வகைகளும் உண்டு. அவற்றுக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

சரி, இனி இடத்துக்கு வருவோம்.

வட்டக்களரி என்பது மண்ணை வட்டமாக உயர்த்திப் போட்ட ஆடுகளம். சுற்றிக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டி, அலங்காரம் செய்வார்கள். ஒரு காலத்தில் பந்த வெளிச்சம், பிறகு காஸ்லைட், இப்போது மின்விளக்கு. களரிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்றுமில்லை. நாலா பக்கமும் சனம் பாய், சாக்கு விரித்து இருக்கும். முக்கியமான விஷயம், அண்ணாவியார் நிற்கும் இடம். மத்தளம், சல்லரித் தாளம், கொப்பி பார்த்துப் பாட்டை எடுத்துக் கொடுப்பவர், பக்கப்பாட்டுக்காரர் எல்லாம் களரியின் நடுவில். ஆடுபவர்கள் அவர்களைச் சுற்றி ஆடுகிறார்கள், பார்ப்பவர்கள் ஆடுபவர்களைச் சுற்றி இருக்கிறார்கள்.

இந்த அமைப்பில் எந்த நேரமும் பாதிச் சனத்துக்கு அரசனின் முதுகுதான் தெரியும். மேடை நாடகம் பார்த்துப் பழகியவருக்கு இது குறையாகப் படலாம். கூத்தில் அது பிரச்சினையே இல்லை. ஒரே தருவை (பாட்டை), ஒரே ஆட்டத்தைச் சுற்றிச் சுற்றித் திரும்பச் செய்வதால் எல்லாப் பக்கத்துக்கும் முகம் வந்து சேரும். இந்தத் திரும்பச் சொல்லலைத்தான் மண்டபத்தில் கதிரையில் இருப்பவர் "ஒரே பாட்டையே எத்தனை தரம்?" என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது. அவருக்கு முதல் தரமே முழுவதும் தெரிந்துவிட்டது. நாலு பக்கத்துக்கும் என்று கட்டிய பாட்டை ஒரு பக்கத்தில் இருந்து பார்த்தால் மிச்சம் மூன்று தரமும் மேலதிகம்தான்.

களரியில் இருக்கும் சனம் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கதையை வைத்து இல்லை. கர்ணன் சாவான் என்பது பாயில் படுத்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். பாட்டும் ஏற்கெனவே பழக்கம். ஒரு கூத்துப் பழகி அரங்கேற மாதங்கள் ஆகும். முதலில் ஊரார் கூடி யாருக்கு எந்த வேடம் என்று சட்டம் கொடுப்பார்கள். அப்புறம் கிழமைக்கூத்து, சதங்கை அணி, அடுக்குப் பார்த்தல் என்று பழக்கமும் ஒத்திகையும் நடக்கும், கடைசியில்தான் அரங்கேற்றம். இத்தனையும் ஊருக்கு நடுவில், எல்லாரும் வந்து பார்க்கும்படி நடப்பதால் அரங்கேற்ற நாளில் சனம் "என்ன நடக்கப் போகிறது" என்று பார்ப்பதில்லை. "இவன் அந்த இடத்தை எப்படித் தாண்டுகிறான்" என்றுதான் பார்க்கிறது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊர் ஒன்றில் பார்த்தது. நடுச்சாமம் தாண்டியிருக்கும். அரச வேடக்காரப் பொடியன் களரிக்கு வரும்போது ஆடும் வரவாட்டத்தில் இரண்டு சுற்று நன்றாகத்தான் வந்தான். மூன்றாவதில் உடுப்புப் பாரமோ களைப்போ, கால் தாளத்துக்குப் பிந்தியது. அண்ணாவியார் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. மத்தளத்தோடு இரண்டடி அவன் பக்கம் நகர்ந்து, தாளக்கட்டைக் கொஞ்சம் உரத்துச் சொல்லி, தோலில் அடியை இறுக்கினார். பொடியன் அவர் முகத்தைப் பார்த்தான். அடுத்த அரைச் சுற்றில் கால் வந்து சேர்ந்தது. எனக்கு முன்னால் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "தாளத்த விட்டவன்கா, மறுகா புடிச்சிட்டான்" என்றார். அவருக்குக் கிடைத்த நாடகம் அதுதான். கதையில் இல்லாத, கொப்பியில் எழுதாத நாடகம்.

இப்படிப் பார்ப்பதற்கு உறவும் ஒரு காரணம். ஆடுபவன் யாருடைய மகன், யாருடைய மருமகன் என்று தெரியும். அவன் வரவுக்கு மாமன்மார் வெடி கொளுத்துவார்கள், சீலை போர்த்துவார்கள், உடுப்பில் காசு குத்துவார்கள். அடுத்த பகுதிக்காரர் தங்கள் ஆளுக்கு இன்னும் பலமாக வெடி கொளுத்துவார்கள். டிக்கெட் கிடையாது. ஊர் காசு சேர்த்துத்தான் கூத்துப் போடுகிறது, ஆடுபவர்களும் தங்கள் கையிலிருந்து செலவழிக்கிறார்கள். அதனால் விமர்சனம் செய்யவும் எல்லாருக்கும் உரிமை. "காசு தந்தனான், சொல்லுவன்" என்ற தோரணையைக் களரியைச் சுற்றி எங்கும் கேட்கலாம்.

விடிய விடிய ஆடுவதைப் பற்றிப் பேசும்போது பலர் அதைப் பக்தியாகவோ பெருமையாகவோ மட்டும் விளக்குகிறார்கள். நடைமுறைக் காரணமும் உண்டு என்பது என் எண்ணம். வேளாண்மை வெட்டு முடிந்து, கையில் காசும் உடம்பில் ஓய்வும் இருக்கும் காலம். வைகாசிச் சடங்குகள் வரை கோயில் முற்றங்கள் சனத்தால் நிறைந்திருக்கும். பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். படுவான்கரையில் இரவு பன்னிரண்டு மணிக்குக் கூத்து முடிந்தால் அந்தச் சனம் எப்படி வீடு போகும்? மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரை அந்த இடத்தில் வாவியைக் கடக்கப் படகுப்பாதையைத்தான் நம்பியிருந்தார்கள். உள்ளூர்களுக்கு நடந்து போனால் வழியில் யானை நிற்கும். விடியும் வரை ஆடினால் வெளிச்சத்தோடு போகலாம். இடையில் நித்திரை வந்தால் பாயிலேயே படுக்கலாம், பிள்ளைக்குப் பசித்தால் கச்சான் கடைக்குப் போகலாம், நமது ஆள் வரும்போது எழுப்பச் சொல்லலாம். முழுக் கூத்தையும் கண் இமைக்காமல் பார்த்தவர் என்று ஊரில் யாரும் இருந்திருக்க மாட்டார். அப்படிப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

மண்டபத்துக்குக் கூத்துப் போன கதை இங்கிருந்து தொடங்கவில்லை, பேராதனையில் தொடங்குகிறது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாட்டுக்கூத்தான 'நாடகம' மரபை எடுத்து 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். தமிழிலும் அப்படி ஒரு மரபு கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே என்ற எண்ணம் அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தனுக்கு வந்தது. இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுத் தலைவராகவும் இருந்த அவர், மட்டக்களப்பிலிருந்து அண்ணாவிமாரை அழைத்து மாணவர்களைப் பழக்கினார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் அதில் பெரிய பங்காற்றியவர். 1962இல் 'கர்ணன் போர்', அதற்குப் பின் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை'. இரவு முழுக்க ஆடும் கூத்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் வந்தது, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குப் பொருந்தியது, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படித்த சனம் கதிரையில் இருந்து பார்த்தது. 'இராவணேசன்' எழுதி இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர். பின்னாளில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவரும் அவரே. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்திலும் அதற்குப் பிறகும் இந்தச் செப்பனிட்ட வடிவத்தைத் தொடர்ந்தார்.

இந்த முயற்சியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. கூத்து என்றால் படிப்பில்லாதவர் ஆட்டம் என்று பட்டணம் முகம் சுளித்த நேரத்தில், அதைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றியது பெரிய காரியம். இன்று நாடகமும் அரங்கியலும் பாடசாலைப் பாடமாக இருப்பதற்கும், தமிழ்த்தினப் போட்டியில் பிள்ளைகள் நாட்டுக்கூத்து ஆடுவதற்கும், கல்லடியில் விபுலானந்தர் பெயரில் ஒரு அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குவதற்கும் பின்னால் அந்த மதிப்பு மாற்றம் இருக்கிறது. விபுலானந்தரே நாடகத்தைப் பற்றி யோசித்தவர்தான். காரைதீவில் பிறந்த அந்தத் துறவி 1926இல் வெளியிட்ட 'மதங்க சூளாமணி' ஷேக்ஸ்பியரையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் ஒரே நூலில் கொண்டுவந்தது. ஆனால் நம் ஊர்க் கூத்துக்கு அப்படி ஒரு கவனம் கிடைக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

மண்டபத்தில் பார்வையாளர் அனுபவம் எப்படி என்று கேட்டால், முதல் முறைப்பாடு கூத்தைப் பற்றியதாகவே இருக்காது. பேச்சைப் பற்றியதாக இருக்கும். அழைப்பிதழில் மாலை நாலு மணி. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம அதிதி உரை, சிறப்பு அதிதிகள் உரை, பொன்னாடை. ஆறரைக்குக் கூத்துத் தொடங்கும்போது கடைசி பஸ்ஸை நினைத்துச் சனம் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடும். உடுப்போடு காத்திருந்த பொடியன்கள் வேர்த்துக் களைத்துப் போயிருப்பார்கள். அப்புறம் "கூத்து நீளம்" என்று ஒரு தீர்ப்பு வரும். கூத்து நாற்பது நிமிடம்தான், நீளமானது மற்றதெல்லாம்.

அடுத்தது சத்தம். மண்டபங்கள் பலவும் கூட்டத்துக்கும் கலியாணத்துக்கும் கட்டியவை. மேலே தகரமோ சீற்றோ, சுவர் வெறும் சீமெந்து. மத்தளம் ஒரு அடி அடித்தால் மூன்று கேட்கும். வெளியில் மத்தளச் சத்தம் போய்க்கொண்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கும். உள்ளே அது திரும்பி வந்து சொல்லுக்கு மேல் சொல்லாக விழும். சல்லரியின் கணீர் அதற்கு மேல். பாட்டு விளங்கவில்லை என்று பின்வரிசையில் இருப்பவர் சொன்னால் அவர் காதில் பிழையில்லை. சவுண்ட்காரர் இதைச் சரிப்படுத்த மைக்கைக் கூட்டுவார், எதிரொலியும் கூடும். நின்று பாடும் மைக் வைத்தால் இன்னொரு சங்கடம் வரும். ஆடுபவர் ஆட்டத்தை முடித்துவிட்டு மைக்குக்கு ஓடி வந்து பாடிவிட்டு மறுபடி ஆடப் போவார். சட்டையில் குத்தும் மைக்கோ மணிமாலைக்கும் புயக்கட்டைக்கும் நடுவில் கிடந்து கரகரக்கும். ஊர்க் களரியில் மேலே கட்டித் தொங்கவிடும் மைக் இதைவிட ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாம் காசு இருந்தால் திருத்தக்கூடியவை. திருத்தக் கஷ்டமான ஒன்று, அண்ணாவியாரை மேடையின் ஓரத்துக்கு அனுப்பியது.

படச்சட்ட மேடையில் நடுவில் அவர் நின்றால் ஆட்டத்தை மறைப்பார். அதனால் அவரையும் பக்கப்பாட்டுக்காரரையும் ஒரு கரையில் இருத்துகிறார்கள், சில வேளை திரைக்குப் பின்னால். ஆடுபவர் சனத்தைப் பார்த்து ஆட வேண்டும், ஆகவே அண்ணாவியார் முகம் தெரியாது. தாளத்தைக் காதால் மட்டும் பிடிக்க வேண்டும், அதுவும் எதிரொலிக்கும் மண்டபத்தில். கால் பிந்தினால் அவரால் இரண்டடி நகர்ந்து வந்து தூக்கிவிட முடியாது. இதைத் தவிர்க்க எல்லாவற்றையும் முன்கூட்டியே எண்ணி, அளந்து, இத்தனை சுற்று, தாளத்தை முடிக்கும் தீர்மானம் இத்தனை என்று பூட்டிவிடுகிறார்கள். பிழை வராது. பார்க்க அழகாக, நேராக இருக்கும். ஆனால் அந்தப் பெரியம்மா பார்த்த நாடகம் அங்கே நடக்க வழியில்லை. அதனால்தான் மண்டபத்தில் சனம் உடுப்பையும் வெளிச்சத்தையும் கதைச் சுருக்கத்தையும் பற்றிப் பேசுகிறது. பேசுவதற்கு வேறு என்ன மிஞ்சியிருக்கிறது?

நேரத்தைச் சுருக்கியதால் கூத்துக் கெட்டது என்று சொல்பவர்களோடு இந்த இடத்தில் நான் பிரிகிறேன். ஒரு மணித்தியாலக் கூத்தும் நடுவில் மத்தளத்தோடு ஆடினால் உயிராக இருக்கும். பத்து மணித்தியாலக் கூத்தும் ஓரத்தில் மத்தளத்தை வைத்தால் அலுக்கும். போர்க் காலத்தில் இரவுக் கூத்தே முடியாமல் போனபோது சில இடங்களில் சுருக்கி ஆடிப் பார்த்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். வேறு வழியில்லாமல் செய்த அந்தச் சுருக்கத்தை அவர்கள் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மேடை என்பதே இல்லாமல் பார்வையாளர் அனுபவம் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவர் கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்புக்குப் போகலாம், அம்பாறை மாவட்டம். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் 18 நாள் திருவிழா. பாரதக் கதை ஊர் முழுக்க நடக்கும். பாண்டவர் வனவாசம் போகும்போது சனமும் கூடவே போகும். அருச்சுனன் தவநிலைக்கு உயரத்தில் ஏறும்போது கீழே ஆயிரக்கணக்கானோர் அண்ணாந்து நிற்பார்கள். கடைசியில் தீமிதிப்பு. இதை யாரும் நாடகம் என்று சொல்ல மாட்டார்கள், சடங்கு என்றுதான் சொல்வார்கள். "நடிப்பு எப்படி?" என்று அங்கே கேட்டால் அடிதான் விழும். ஆனாலும் கதை, வேடம், பாடல், கூட்டம், இடம் எல்லாம் அங்கே இருக்கின்றன. பார்ப்பவர், செய்பவர் என்ற கோடு மட்டும் இல்லை. களரிக் கூத்து இதற்கும் மண்டபத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

மண்டபத்துக்குக் கொண்டுபோகாமல் ஊருக்குள்ளேயே கூத்தைப் புதுப்பிக்கலாம் என்று வேலை செய்தவர்களும் மட்டக்களப்பில் இருக்கிறார்கள். சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் சீலாமுனையில் செய்த கூத்து மீளுருவாக்கம் அதில் அதிகம் பேசப்பட்டது. அண்ணாவியார், கூத்தர், ஊரார் எல்லாரும் இருந்து கதை பேசி, கூத்துக்குள் இருக்கும் சாதி, பெண் பற்றிய பழைய கருத்துகளைக் கேள்வி கேட்டு, மாற்ற வேண்டியதைத் தாங்களே மாற்றுவது அதன் முறை. இடம் மாறவில்லை, களரியும் மாறவில்லை. மாறியது பாட்டும் பார்வையும். சனத்தின் எதிர்ப்பும் ஆதரவும் பழகும் காலத்திலேயே வந்துவிடும். அரங்கேற்றத்துக்குப் பிறகு பத்திரிகையில் எழுதும் விமர்சனத்தைவிட அது சூடானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெண்கள் ஆடுவதைப் பற்றிய கருத்தும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. மரபில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பல்கலைக்கழக மேடைகளிலும் பாடசாலைப் போட்டிகளிலும் பெண்கள் அரசனாக, போர்வீரனாக ஆடுவது இன்று சாதாரணம், மண்டபம் கைதட்டும். அதையே கோயில் களரியில் செய்வதென்றால் சில ஊர்களில் இன்னும் கூட்டம் போட்டுப் பேச வேண்டும். "புள்ள நல்லா ஆடுறா, ஆனா..." என்று இழுப்பவர்கள் அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஒன்றும் சொல்வதில்லை. மண்டபத்துக்கு நான் கொடுக்கும் பெரிய புள்ளி இதற்குத்தான். பெண்பிள்ளைகள் காலில் சதங்கை கட்டிப் பழகியது அங்கேதான்.

புதிதாக வந்த பார்வையாளர் ஒருவரும் இருக்கிறார்: கைபேசியில் பார்ப்பவர். சுவிஸிலும் லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் மச்சானுக்காகக் களரி ஓரத்தில் கைபேசியை உயர்த்திக்கொண்டு நிற்பவர்களை எல்லா ஊரிலும் காணலாம். பின்னால் இருக்கும் கிழவி, "தம்பி, இரி. மறைக்குது" என்று அதட்டுவார். பொடியன் இரண்டு நிமிடம் இருந்துவிட்டு மறுபடி எழும்புவான். அந்த மச்சான்மார் ஊர்க் கூத்துக்குக் காசும் அனுப்புகிறார்கள் என்பதால் ரொம்பக் கடிந்து பேசவும் முடியாது. ஆனால் கைபேசிக்கு ஒரு முகப்பு வேண்டும். படம் பிடிப்பவர் நிற்கும் பக்கத்தைப் பார்த்தே பொடியன்கள் கூட நேரம் ஆடத் தொடங்கியிருக்கிறார்கள். மற்றப் பக்கத்தில் பாய் விரித்தவர்களுக்கு முதுகு மட்டும் மிஞ்சுகிறது. வட்டக்களரிக்குள் படச்சட்டம் இப்படியும் நுழைகிறது.

என்ன செய்யலாம் என்றால், செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. மண்டபத்தில் கூத்துப் போடும் நிறுவனங்கள் மேடையை விட்டுவிடலாம். கதிரைகளைச் சுவரோரம் தள்ளி, மண்டபத்தின் நடுத் தரையிலேயே ஆடவிட்டு, அண்ணாவியாரை மத்தளத்தோடு நடுவில் நிறுத்தி, சனத்தை நாலு பக்கமும் இருத்தலாம். முன்வரிசை என்று ஒன்று இல்லாமல் போவதால் அதிதிகளை எங்கே இருத்துவது என்ற கேள்வி கட்டாயம் எழும். பாடசாலை மைதானம் கிடைத்தால் இன்னும் நல்லம், எதிரொலிச் சிக்கலும் தீரும். உரைகளைக் கூத்து முடிந்த பிறகு வைத்துக்கொள்ளட்டும். கேட்க விரும்புபவர் இருந்து கேட்பார்.